திறமூலத் திட்டத்தின் உரிமத்தை மாற்றுவது: சில கேள்விகள், பதில்கள்

உரிமம் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பலரும் ஒரே சிக்கலைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். முதலில் சில சொற்கள்: ஜிபிஎல் உரிமத்தில் உள்ள கோடை மாற்றி வெளியிடுபவர் அதையும் ஜிபிஎல்லில்தான் வெளியிட வேண்டும், எம்ஐடி உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை, பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் வைத்திருந்தால் போதும். ரெப்போ என்பது கோட் இருக்கும் களஞ்சியம், கமிட் என்பது அதில் பதியும் ஒரு மாற்றம்.

சில வருடங்களுக்கு முன் நான் தொடங்கிய லைப்ரரி ஜிபிஎல் 3-ல் இருக்கிறது. எம்ஐடிக்கு மாற்ற நினைக்கிறேன். ரெப்போ என் பெயரில்தான் இருக்கிறது, நாற்பது பேர் வரை கோட் அனுப்பியிருக்கிறார்கள். லைசென்ஸ் கோப்பை மாற்றி ஒரு கமிட் போட்டால் போதாதா?

போதாது. ரெப்போ உங்கள் பெயரில் இருப்பதால் கோட் முழுக்க உங்களுடையது ஆகிவிடாது. புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) அனுப்பிய ஒவ்வொருவரும் தான் எழுதிய வரிகளின் பதிப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஜிபிஎல் நிபந்தனைப்படி பயன்படுத்திக்கொள்ள மட்டும்தான் அனுமதி கொடுத்திருக்கிறார். கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பின் சேவை விதிகளிலேயே இது இருக்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், ரெப்போவில் என்ன உரிமம் போட்டிருக்கிறதோ அதே உரிமத்தில்தான் பங்களிப்பும் வருகிறது. கூட்டுப் பட்டா நிலத்தை ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு முழுசாக விற்க முடியாதில்லையா, அதே கதைதான்.

விஎல்சி பிளேயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎல்லும் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதிகளும் ஒத்துப்போகவில்லை என்று அதன் பங்களிப்பாளர் ஒருவரே புகார் கொடுக்க, 2011 ஜனவரியில் ஐபோன் பதிப்பு கடையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆப் ஸ்டோர்களில் வர முடியவில்லை, வேறு மென்பொருள்காரர்கள் அதன் எஞ்சினை எடுத்துப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள் என்ற காரணங்களுக்காக, மையப் பகுதியை ஜிபிஎல்லை விடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்றும் வேலையை அந்தக் குழு அதே வருடம் செய்தது, 2012-ல் பெரும்பாலான மாட்யூல்களையும் மாற்றியது. பல வருடங்களில் எழுதியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள். அவ்வளவு பெரிய திட்டத்திலேயே முடிந்திருக்கிறது, நாற்பது பேரை நீங்கள் தாராளமாகத் தேடிவிடலாம்.

எங்கிருந்து தொடங்குவது? மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் ஷார்ட்லாக் கட்டளையை ‘-sne’ சேர்த்து ஓட்டினால் பெயர், மெயில், கமிட் எண்ணிக்கை எல்லாம் வரிசையாக வரும், ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே ஆள் கல்லூரி மெயில், ஆபீஸ் மெயில், ஜிமெயில் என்று மூன்று பேராக நிற்பார், மெயில்மேப் கோப்பு எழுதி அவரை ஒருவராக்க வேண்டும். முகவரியை மறைத்து வைத்தவர்களுக்கு ‘நோரிப்ளை’ என்றுதான் இருக்கும், அதற்கு மெயில் போட்டால் போய்ச் சேராது, ரெப்போவின் இஷ்யூவில் (விவாதப் பக்கத்தில்) பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழி. பல கமிட்டுகளை ஒன்றாக்கி (ஸ்குவாஷ் செய்து) மெர்ஜ் பண்ணிய இடங்களில் இரண்டாவது ஆளின் பெயர் கமிட் செய்தியின் அடியில் ‘கோ-ஆத்தர்ட்-பை’ வரியில் இருக்கும், ஷார்ட்லாக் அதைத் தானாக எண்ணாது. அப்புறம் மெயிலில் வந்த பேட்சை (மாற்றக் கோப்பை) நீங்களே உங்கள் பெயரில் கமிட் செய்திருப்பீர்கள், அதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்து ஒட்டிய துண்டுகள் தனிப் பிரச்சினை. அங்கே இப்போது எழுதப்படுபவை கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0-ல் இருக்கின்றன, மாற்றிப் பகிர்ந்தாலும் அதே மாதிரி நிபந்தனையில்தான் பகிர வேண்டும் என்கிற உரிமம் அது. அந்த உரிமத்தில் உள்ளது ஜிபிஎல் 3-க்குள் வரலாம், எம்ஐடிக்குள் வர முடியாது. ஆக இதுவரை தொந்தரவு தராமல் கிடந்த பத்து வரி, எம்ஐடிக்கு மாறும் நாளில் தொந்தரவாகிவிடும்.

சம்மதம் கேட்கும்போது வெறும் ‘ஓகே’ வாங்காதீர்கள். இப்படி ஒரு வாசகத்தைக் கொடுத்து அதையே அவர்களை எழுதச் சொல்லுங்கள்: “இந்தத் திட்டத்துக்கு நான் இதுவரை அளித்த, இனி அளிக்கும் எல்லாப் பங்களிப்புகளையும் எம்ஐடி உரிமத்தில் வெளியிடச் சம்மதிக்கிறேன். அப்படி அனுமதி தரும் உரிமை எனக்கு இருக்கிறது.” இரண்டாவது வாக்கியம் ஏன் என்பதை ஆபீஸ் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். பதில்கள் எல்லாம் பொதுவில் ஒரே இஷ்யூவில் இருக்கட்டும், மெயிலில் வந்தால் ரெப்போவிலேயே ஒரு கோப்பில் பதிந்து வையுங்கள். அதை யாரும் பல வருடம் கழித்தும் தேடிப் பார்க்க முடிய வேண்டும்.

முப்பது நாள் கெடு கொடுத்து, பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பெரிய திட்டங்களே அப்படிச் செய்திருக்கின்றனவே?

நீங்கள் சொல்வது, இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறிய கதையை என்று நினைக்கிறேன். 2017 மார்ச்சில் ஏறத்தாழ 400 பங்களிப்பாளர்களுக்கு அவர்கள் அனுப்பிய மெயிலில், பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குத்தான் கடும் எதிர்ப்பு வந்தது, ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிறுவனர் தியோ டி ராட் வெளிப்படையாகவே கண்டித்தார். அப்பாச்சி 2.0 உரிமத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வெளிவந்தது 2021 செப்டம்பரில். உலகம் முழுக்க இணையப் பாதுகாப்பைத் தாங்கும் ஒரு திட்டம், வக்கீல்களின் துணையோடு, தெரிந்தே அந்த அபாயத்தை ஏற்றது. அதை முன்னுதாரணமாக வைத்து நீங்களும் செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. மௌனம் சம்மதம் என்பது பழமொழி, பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. அதோடு, இலவசமாக எழுதிக்கொடுத்தவருடைய மௌனத்தை அவருக்கு எதிராகவே பயன்படுத்துவது சரியும் இல்லை.

பதில் வராதவர்களின் கோட் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டால் பாதிப் பேருடைய வரிகள் எப்போதோ அழிந்து போயிருப்பது தெரியும், அழிந்ததற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் அழித்துவிட்டு அதையே கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தால் அது அழிந்த கணக்கில் வராது. எழுத்துப்பிழை திருத்தம் மாதிரிச் சின்னவற்றுக்குப் பதிப்புரிமையே எழாது. எத்தனை வரி வரை என்று சட்டத்தில் எண் இல்லை. ஜிபிஎல் பிறந்த குனூ திட்டத்தின் பராமரிப்பாளர் கையேடு, நடைமுறைக்காக 15 வரி அளவை ஒரு கோடாக வைத்திருக்கிறது, ஒரே ஆள் அடிக்கடி சின்னதாக அனுப்பியிருந்தால் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது.

மிச்சமிருப்பதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். எழுதுபவர் பழைய கோடைப் பார்க்காதவராக இருந்தால் நல்லது. அந்த ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும் என்று ஒரு விவரணை கொடுங்கள், கூடவே நீங்களே எழுதிய டெஸ்ட்களையும் கொடுங்கள். ஆர்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012-ல் உரிமம் மாற்றியபோது, சம்மதிக்காதவர்கள் வரைந்த தெருக்களை வரைபடத்திலிருந்தே நீக்கியது. சில ஊர்களில் பெரிய ஓட்டை விழுந்தது, ஆர்வலர்கள் திரும்ப வரைந்தார்கள். வலிக்கும் வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு யாரும் வந்து கேள்வி கேட்க முடியாது.

அவசரப்படாதீர்கள். மொசில்லா 2001-ல் தொடங்கிய உரிம மாற்றத்தை 2006-ல்தான் முடித்தது. கம்பைலர் கருவிகள் செய்யும் எல்எல்விஎம் குழு 2019 ஜனவரியிலிருந்து புதிய கோடைப் புதிய உரிமத்தில் வாங்கிக்கொண்டே, பழையதற்குச் சம்மதம் சேர்க்கும் வேலையைப் பக்கத்திலேயே 2024 வரை ஓட்டியது. இந்த இரட்டைத் தடம் சின்னத் திட்டங்களுக்கும் ஒத்துவரும்.

எங்களுடையது தலைகீழ். எம்ஐடியிலிருந்து ஜிபிஎல்லுக்குப் போக வேண்டும். இதற்கும் எல்லோரையும் கேட்க வேண்டுமா?

சட்டப்படி தேவையில்லை. எம்ஐடி கோடை ஜிபிஎல் திட்டத்துக்குள் சேர்க்க அந்த உரிமமே அனுமதிக்கிறது. ஆனால் பழைய கோப்புகளில் உள்ள பதிப்புரிமை வரியும் எம்ஐடி வாசகமும் அப்படியே இருக்க வேண்டும், அதைத் தூக்குவதுதான் மீறல். 2007-ல் லினக்ஸுக்கு அனுப்பப்பட்ட ஒரு வயர்லெஸ் டிரைவர் பேட்ச், ஓப்பன்பிஎஸ்டி பக்கத்தில் எழுதப்பட்ட கோடின் உரிம வாசகத்தை எடுத்துவிட்டு ஜிபிஎல் வாசகத்தைப் போட்டிருந்தது. பெரும் சண்டையாகி, கடைசியில் வக்கீல்கள் உட்கார்ந்து வழிமுறை எழுத வேண்டி வந்தது. அப்பாச்சி 2.0-லிருந்து வருகிறீர்கள் என்றால் ஜிபிஎல் 3 சரி, ஜிபிஎல் 2 மட்டும் என்றால் ஒத்துப்போகாது. கேட்கத் தேவையில்லை என்றாலும் முன்கூட்டிச் சொல்லுங்கள். கூட வேலை செய்தவர்கள் ரிலீஸ் குறிப்பில்தான் முதன்முதலாக இதைப் படிக்கிறார்கள் என்றால் அது மரியாதை இல்லை.

பங்களிப்பாளர்களில் பாதிப் பேர் ஐடி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள். அவர்கள் ‘சரி’ சொன்னால் செல்லுமா?

எல்லா நேரமும் செல்லாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17(சி) பிரிவுப்படி, பணியின் பாகமாக ஊழியர் எழுதியதற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். வீட்டில் ராத்திரி உட்கார்ந்து சொந்த லேப்டாப்பில் எழுதியது அந்தப் பிரிவுக்குள் வராமல் போகலாம், ஆனால் பல ஆஃபர் லெட்டர்களில் வேலைக் காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்கிற மாதிரி ஒரு ஷரத்து இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. கமிட்டில் ஆபீஸ் மெயில் முகவரி இருந்தால், நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரமுள்ள ஒருவரிடமிருந்து ஒரு மெயில் வாங்கச் சொல்லுங்கள். ஃப்ரீலான்சர்கள் வேறு ரகம், எழுதித் தராதவரை உரிமை அவர்களிடமே இருக்கும், அவர்களுக்குப் பணம் கொடுத்தவரிடம் இல்லை.

சிஎல்ஏ என்று ஒன்றில் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் இந்தத் தலைவலியே இல்லை என்கிறார்கள். வாங்கலாமா?

சிஎல்ஏ என்பது, தன் கோடை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பங்களிப்பாளர் திட்டத்தை நடத்துபவருக்கு எழுதித்தரும் ஒப்பந்தம். தலைவலி குறையும், உண்மைதான். ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் விஷயம். டிசிஓ என்று கமிட்டின் அடியில் போடும் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது, உரிமம் மாற்றும் அதிகாரத்தை யாருக்கும் கொடுப்பதில்லை.

ஹாஷிகார்ப் நிறுவனம் சிஎல்ஏ வாங்கி வைத்திருந்தது. 2023 ஆகஸ்டில் தன் சர்வர் அமைப்புக் கருவியான டெராஃபார்மை மொசில்லாவின் எம்பிஎல் உரிமத்திலிருந்து திறமூலம் அல்லாத பிஎஸ்எல் உரிமத்துக்கு மாற்றியபோது பங்களிப்பாளர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்ட பலர் அன்றுதான் அதன் அர்த்தத்தைப் பார்த்தார்கள். ஆகவே ஒரு தனி நிறுவனத்தின் பெயரில் சிஎல்ஏ கேட்டால் நான் தயங்குவேன். லாப நோக்கற்ற அறக்கட்டளை கேட்டால், கட்டற்ற உரிமத்தைத் தவிர வேறு எதிலும் வெளியிடமாட்டோம் என்ற உறுதியும் அதில் இருந்தால், தயங்காமல் போடுவேன். லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருள் செய்யும் கேடிஇ அமைப்பின் உடன்படிக்கையைப் படித்துப் பாருங்கள், அதில் கையெழுத்துப் போடுவதும் விருப்பம்தான், கட்டாயம் இல்லை.

இந்தியாவிலிருந்து தயாரிப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 30ஏ பிரிவு அதையே உரிமங்களுக்கும் பொருத்துகிறது. வெளிநாட்டு மாதிரியைப் பார்த்துச் சுருக்கி எழுதும்போது ‘நிரந்தரமாக, உலகம் முழுதும்’ என்ற இரண்டையும் வெட்டிவிடாதீர்கள்.

உரிமத்தை மாற்றிய பிறகு பழைய பதிப்புகளைத் திரும்பப் பெற முடியுமா?

முடியாது. ஜிபிஎல் 3, அப்பாச்சி 2.0 இரண்டிலும் திரும்பப் பெற முடியாதது என்றே எழுதியிருக்கிறது. ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 2024 மார்ச்சில் எம்ஐடி மாதிரித் தளர்வான பிஎஸ்டி உரிமத்தை விட்டபோது, கடைசி பிஎஸ்டி பதிப்பிலிருந்து லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ என்ற கிளைத் திட்டம் அதே மாதத்தில் பிறந்தது. டெராஃபார்மிலிருந்தும் அதே மாதிரி ஓப்பன்டோஃபு பிறந்தது. 2025 மே மாதம் ரெடிஸ், ஜிபிஎல்லின் ஒரு வகையான ஏஜிபிஎல்லையும் சேர்த்து மறுபடி திறமூலத்துக்கு வந்தது, ஆனால் போனவர்களில் பலர் வால்கீயிலேயே இருக்கிறார்கள்.

ஒரு பங்களிப்பாளர் இறந்துவிட்டார். அவருடைய கோடை என்ன செய்வது?

உரிமை வாரிசுகளுக்குப் போயிருக்கிறது. இந்தியாவில் எழுதியவர் இறந்த பிறகும் 60 வருடம் அது நீடிக்கும். குடும்பத்தைத் தெரியும் என்றால், கொஞ்ச காலம் போகவிட்டு, அவர் என்ன செய்தார், எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், அனுமதியை அப்புறம் கேளுங்கள். பல வீடுகளில் அவர் இப்படி ஒரு வேலை செய்தார் என்பதே தெரிந்திருக்காது. சட்ட மொழியில் ஒரு படிவத்தை நீட்டாதீர்கள். தொடர்பு கொள்ள முடியாவிட்டால் அந்தப் பகுதி பழைய உரிமத்திலேயே தனி மாட்யூலாக இருக்கட்டும், அல்லது திரும்ப எழுதுங்கள். எது செய்தாலும் பங்களிப்பாளர் பட்டியலில் அவர் பெயரை விடாதீர்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பு மட்டும் செய்தவர்களையும் கேட்க வேண்டுமா? கூடவே ஒரு எழுத்துருவும் இருக்கிறது.

கேட்க வேண்டும். நானூறு சரங்களை (திரையில் வரும் வாசகங்களை) மொழிபெயர்த்தவர் எழுதியதும் எழுத்துதான், கமிட் போடவில்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. வெப்லேட் மாதிரி மொழிபெயர்ப்புத் தளங்கள் வழியாக வந்தவர்களின் பெயர், மொழிபெயர்ப்பு இருக்கும் பிஓ கோப்பின் தலைப்பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துரு என்றால் அதன் உரிமம் தனி. லோஹித் எழுத்துருக்களை, லோஹித் தமிழ் உட்பட, 2011-ல் ரெட் ஹாட் ஜிபிஎல்லிலிருந்து எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்துக்கு (ஓஎஃப்எல்) மாற்றியது. ஓஎஃப்எல்லில் இருக்கும் எழுத்துருவை மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கலாம், ஆனால் எழுத்துரு அதே உரிமத்தில்தான் இருக்க வேண்டும். உங்கள் எம்ஐடி கோப்புக்குள் அதையும் அடக்கிவிடாமல், அந்த ஃபோல்டரிலேயே தனி உரிமக் கோப்பு வையுங்கள்.