ஜாமீன் கட்டினாலும் விடமாட்டார்களாமே?

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறேன். மாணவர் விசாவில் வந்த என் தம்பி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டான். குடித்துவிட்டு கார் ஓட்டினான் என்று பிடித்து கவுண்டி ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். ஜாமீன் கட்டப் போனால், "ஐஸ் ஹோல்டு இருக்கிறது, கட்டினாலும் வெளியே வரமாட்டான்" என்கிறார்கள். உள்ளூர் ஷெரிஃபுக்கும் குடியேற்றத் துறைக்கும் என்ன சம்பந்தம்? பணத்தைக் கட்டலாமா, வேண்டாமா?

பதில்: சகோதரி, அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

யாரோ காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஜெயிலில் எடுக்கிற கைரேகை எஃப்பிஐ வழியாகத் தானாகவே குடியேற்றத் துறைக்குப் போய்விடும். அதைப் பார்த்து, அத்துறையின் அமலாக்கப் பிரிவான ஐஸ் (ICE) ஜெயிலுக்கு அனுப்பும் தாளுக்குப் பெயர் டிடெய்னர். உங்களிடம் சொன்ன 'ஐஸ் ஹோல்டு' இதுதான். "நீங்கள் விடுவிக்கும்போது எங்களுக்காக 48 மணி நேரம் வைத்திருங்கள்" என்று அது கேட்கிறது. மத்தியச் சட்டப்படி அது வெறும் வேண்டுகோள்தான். பென்சில்வேனியாவில் அமெரிக்கக் குடிமகன் ஒருவரையே இப்படிப் பிடித்து வைத்த வழக்கில், 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

ஆனால் நீங்கள் இருப்பது டெக்சாஸ். 2017-இல் கலிஃபோர்னியா இந்த ஒத்துழைப்பைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. அதே ஆண்டு டெக்சாஸ் நேர் எதிராக, டிடெய்னரை ஜெயில்கள் மதித்தே ஆக வேண்டும் என்று போட்டது. மீறினால் ஷெரிஃபின் பதவியே போகலாம். அதனால் வேறு மாநிலத்தில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது சொல்லும் யோசனை இங்கே உதவாமல் போகலாம். (குடியுரிமையோ சட்டப்பூர்வ அந்தஸ்தோ இருப்பவர்கள் சான்றைக் காட்டினால், பிடித்து வைக்கும் கட்டாயம் டெக்சாஸ் சட்டத்திலும் இல்லை. கிரீன் கார்டு உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

இப்போது பணத்துக்கு வருவோம். அந்த 48 மணி நேரம் கைதான நாளிலிருந்து ஓடுவதில்லை. ஜாமீன் கட்டி, ஜெயில் அவனை விட வேண்டிய நிமிடத்திலிருந்துதான் ஓடும். நீங்கள் கட்டினால் கடிகாரத்தை நீங்களே முடுக்கி விடுகிறீர்கள். ஐஸ் அவனை வேறு முகாமுக்குக் கொண்டுபோனால் குற்ற வழக்கின் வாய்தாவுக்கு அவன் வர முடியாமல் போகலாம். வாரண்ட் வரும், ஜாமீன் பணத்துக்கும் ஆபத்து. அந்த முகாமிலிருந்து வெளியே வர, குடியேற்ற ஜாமீன் என்று தனியாகக் கட்ட வேண்டும். சட்டப்படி குறைந்தது 1,500 டாலர், நடைமுறையில் பெரும்பாலும் அதற்கு மேல். உங்கள் தம்பி விசாவோடு முறையாக நுழைந்தவன் என்பதால் அதைக் கேட்க வழி இருக்கிறது. கையில் இருக்கும் பணத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று எனக்குப் பெரிய கவலை. "குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் தம்பி கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. தண்டனை முடிந்தாலும் அதே 48 மணி நேரம் தொடங்கும். ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தல் வருமா என்று குற்ற வழக்கறிஞர் சொல்லியே ஆக வேண்டும் என 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவரிடம் நேராகக் கேளுங்கள். குடியேற்ற வழக்குக்கு அரசு வக்கீல் தராது. அதற்கு நீங்கள்தான் தனியாக ஆள் பார்க்க வேண்டும்.

ஜெயிலில் எந்த நாடு, எப்போது வந்தாய் என்று கேட்டால், பெயரைத் தவிர மற்றதற்கு வக்கீல் வந்த பிறகு பதில் சொல்கிறேன் என்று அவன் சொல்லலாம். பொய் மட்டும் சொல்ல வேண்டாம். டிடெய்னரின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அப்புறம், ஜாமீன் கட்டுவதென்று இரு வக்கீல்களும் சேர்ந்து முடிவெடுத்தால், ரசீதில் நேரத்தைக் குறித்து வாங்குங்கள். 48 மணி நேரம் தாண்டியும் ஐஸ் வரவில்லையென்றால், அதற்கு மேல் அவனைப் பிடித்து வைக்க அந்தத் தாள் போதாது. அன்றே வக்கீல் நீதிமன்றம் போகலாம்.