ஆச்சி பதில்கள்

கேள்வி: ஆச்சி, பையனுக்கு எட்டு வயசு, செல்போனை விட்டா வேற உலகமே இல்ல, புக்கு வாங்கிக் குடுத்தா தொடவே மாட்டேங்குறான். என்ன பண்ண? - ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: முதல்ல ஒண்ணு கேக்குறேன் தாயி, நீங்க கையில புக்கு வச்சிருந்து அவன் பாத்திருக்கானா? கோவிச்சுக்காதீங்க, என் வீட்லயும் அதே கததான். பேரனுக்கு ஒரு பை நெறைய வாங்கிக் குடுத்தேன், அப்படியே கெடந்துச்சு. அப்பறம் ஒரு மத்தியானம் வளவுல ஆத்தங்குடி கல்லு ஜில்லுன்னு இருக்கேன்னு படுத்துக்கிட்டு நானே சத்தமா படிச்சேன், புலி வாயத் தொறக்குற எடத்துல டப்புன்னு மூடிட்டு சீயம் சுடணும்னு எந்திரிச்சுப் போயிட்டேன், திரும்பி வந்து பாத்தா பய எழுத்துக் கூட்டி அடுத்த பக்கம் போயிட்டான்! படிச்சு முடிச்சதும் என்ன புரிஞ்சுச்சுன்னு பரீட்ச மட்டும் வைக்காதீங்க, அதோட ஓடிருவான். படக்கத புக்கா இருந்தாலும் பரவால்ல, அவனே எடுக்கட்டும்.

நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா தேடித்தேடி சேத்த புக்கெல்லாந்தான், 1992ல அவரு காலமானதுக்கப்பறம், சென்னையில ஆராய்ச்சி நூலகமா இருக்கு. லீவுல கூட்டிட்டுப் போறப்ப அவன்கிட்ட இதச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி உங்க ஊர் லைப்ரரில அவன் பேர்லயே கார்டு போட்ருங்க.