குற்றவியல் படித்தால் கைரேகை எடுக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் முடித்திருக்கிறேன். குற்றவியல் படிக்க ஆசை. கைரேகை, ரத்தக்கறை ஆராயும் வேலை கிடைக்குமா? எஸ்.ஐ. தேர்வில் முன்னுரிமை உண்டா? – வாசகி, தென்காசி

பதில்: பாதிக் குழப்பம் தமிழ்ச் சொல்லால் வந்தது. ‘குற்றவியல் நடுவர்’ என்றால் மாஜிஸ்திரேட். ‘குற்றவியல் சட்டம்’ என்றால் வக்கீல் படிப்பு. பல்கலைக்கழகத் துறையின் பெயரும் குற்றவியல். நீங்கள் கேட்கும் கைரேகையும் ரத்தக்கறையும் இவை எதிலும் வராது. அது தடய அறிவியல். அதற்குப் பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். காவல்துறையின் கைரேகைப் பிரிவு எஸ்.ஐ. பணிக்கும் அறிவியல் பட்டம்தான் கேட்பார்கள். உங்களுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் குற்றவியல் துறையில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? பஸ் நிலைய வண்டி நிறுத்தத்தில் ஒரு சைக்கிள் திருடு போகிறது. உடைந்த பூட்டைத் தடய அறிவியலார் எடுத்துப்போவார். குற்றவியல் மாணவர் அந்த நிறுத்தத்தையே சுற்றிப் பார்ப்பார்: டோக்கன் கொடுப்பவர் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறார், எந்த மூலையில் விளக்கு எரிவதில்லை? திருட மனமுள்ளவன், கைக்கு எட்டும் பொருள், காவலற்ற நேரம் மூன்றும் கூடினால் குற்றம் நடக்கும் என்று கோஹனும் ஃபெல்சனும் 1979இல் எழுதியதை இப்படித்தான் களத்தில் சோதித்துப் பார்க்கிறோம். சமூகவியல், உளவியல், சட்டம் எல்லாம் கலந்த படிப்பு இது. புள்ளியியலும் உண்டு, பலர் முகம் சுளிப்பது அங்கேதான். வணிகவியல் மாணவியான உங்களுக்குக் கணக்கு அவ்வளவு பயமுறுத்தாது.

அதே சைக்கிளுக்கு உரியவர் காவல் நிலையம் போனால், பல சமயம் புகார் வந்ததற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதியாதவரை, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் அந்தத் திருட்டு நடக்கவே இல்லை. ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால், எண்ணிக்கையில் கொலை மட்டுமே ஏறும். ‘அந்த மாநிலத்தில் குற்றம் அதிகம்’ என்ற செய்தியைப் பார்த்ததும், புகாரை ஒழுங்காகப் பதிகிறார்களோ என்று முதலில் சந்தேகப்படத் தோன்றினால் இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும்.

பொதுவான எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். சிறப்பு மதிப்பெண் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு ஆகியவற்றுக்குத்தான். குற்றவியல் படித்தவரும் பி.காம். படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். காக்கி மட்டுமே கனவு என்றால் இதற்காகத் தனியாக ஒரு பட்டம் வாங்க வேண்டாம்.

இந்தப் படிப்புக்கு உண்மையான பயன் சத்தமில்லாத இடங்களில் இருக்கிறது: நன்னடத்தை அலுவலர் பணி, சிறைவாசிகளின் மறுவாழ்வு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் குழந்தைக்குத் துணை நிற்கும் ஆதரவு நபர். பல ஒப்பந்தப் பணிகள், சம்பளமும் பெரிதில்லை என்பதை வீட்டில் மறைக்காதீர்கள். கல்லூரி ஆசிரியப் பணிக்கான யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. தடய அறிவியல் அங்கும் வேறு பாடம்தான்!

என் யோசனை: இளநிலையில் உளவியலோ சமூகவியலோ படியுங்கள், பிறகு முதுநிலையில் குற்றவியலுக்கு வாருங்கள். மனம் மாறினாலும் கையில் ஒரு பொதுப் பட்டம் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இத்துறை பழையது. உங்களுக்குப் பக்கத்திலேயே திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இணையக் குற்றவியலுக்கென ஒரு பன்னாட்டு ஆய்விதழை 2007இல் தொடங்கிய ஜெய்சங்கர் அங்கே ஆசிரியராகப் பணியாற்றியவர்.

எங்கே சேர்ந்தாலும், விண்ணப்பிக்கும் முன் துறைக்கு நேரில் போங்கள். கட்டணத்தை விசாரிப்பதற்கு முன், மாணவர்களைச் சிறைக்கும், வழக்கில் சிக்கிய சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் களப்பணிக்கு அனுப்புகிறார்களா, எத்தனை நாள் என்று கேளுங்கள். ‘ஒருநாள் சுற்றிக்காட்டுவோம்’ என்று பதில் வந்தால், அடுத்த பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறுங்கள்.