கேளுங்க, சொல்றோம்: அங்கோர் ஸ்பெஷல்

கேள்வி: ஜனவரியில அம்மாவ கூட்டிட்டு கம்போடியா போலாம்னு இருக்கேன். அவங்களுக்கு 67 வயசு, முட்டி வலி வேற. அங்கோர் வாட் முழுக்க படின்னு ஆளாளுக்கு பயமுறுத்துறாங்க. கீழ உக்காந்து வேடிக்கை பாக்க எதுக்குடி இவ்ளோ செலவுன்னு அம்மாவே கேக்குறாங்க. போலாமா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: தாராளமா போங்க. செங்குத்து படி நடு கோபுரம் இருக்குற மேல் தளத்துக்குத்தான், அதுக்கு க்யூ நிக்கணும், பௌத்த விசேஷ நாள்ல மூடிடுவாங்க, தோளும் முட்டியும் மறையாத டிரெஸ்னா விடவே மாட்டாங்க, அம்மா அத விட்டா ஒண்ணும் குடி முழுகாது. அசல் விஷயம் கீழ் பிராகாரத்துலதான் இருக்கு. கிழக்கு பக்க சுவத்துல பாற்கடல் கடையுற சிற்பம், 49 மீட்டர் நீளம், 92 அசுரர் ஒரு பக்கம், 88 தேவர் மறுபக்கம், நடுவுல பெருமாள். இதுக்கெல்லாம் கைடு எதுக்கு, அம்மாவே அவருக்கு கதை சொல்லிடுவாங்க. டுக்டுக்காரர்கிட்ட கிழக்கு வாசல்ல இறக்கி விட சொல்லுங்க, மேற்கு வாசல்ல இருந்து அகழி தாண்டி நடக்குற தூரம் மிச்சம். வழியில கொஞ்சம் படி இருக்கும், கைய புடிச்சு ஏத்திடலாம்.

விடியக்காலை அஞ்சு மணிக்கே போய் சூரிய உதயத்துக்கு காத்திருக்குறத நான் சிபாரிசு பண்ண மாட்டேன். கோயில் மேற்கு பாத்தது, அதனால காலைல கோபுரம் கருப்பா நிழலாத்தான் தெரியும், கூட்டம் நம்ம வைகுண்ட ஏகாதசி திருவல்லிக்கேணி மாதிரி. மதியத்துக்கு மேல போனா வெயில் முகப்புல விழுந்து கல்லு அழகா தெரியும்.

ஆனா உங்க அம்மாவுக்கு நிஜமா புடிக்கப் போறது பண்டேய் ஸ்ரீ. அங்கோர்ல இருந்து 25 கிலோமீட்டர் சுமார், கி.பி. 967ல கட்டின சின்ன சிவன் கோயில், ராஜா கட்டினது கூட இல்ல, யக்ஞவராகர்னு அரசவைல பெரிய இடத்துல இருந்தவர் கட்டினது. செவந்த கல்லு, மரத்துல செதுக்கின மாதிரி நுணுக்கம், பெருசா ஏறவே வேணாம். ராவணன் கைலாசத்த தூக்குறது இருக்கு, சிவன் மன்மதன எரிக்கிறது இருக்கு. அப்புறம் கிழக்கு கோபுர முகப்புல ஆடுற சிவன் காலடியில, எலும்பும் தோலுமா ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க பாருங்க, அது நம்ம காரைக்கால் அம்மையார்னு அறிஞர்கள் சொல்றாங்க. காரைக்கால்ல மாங்கனி திருவிழா நடக்குதே, அதே அம்மையார்! அவங்கள பாக்க மட்டுமே ஒரு காலைப்பொழுத ஒதுக்கலாம், ஆனா குரூப் டூர்காரங்க நிறைய பேர் இத லிஸ்ட்லயே போடுறதில்ல, அதுலதான் எனக்கு கடுப்பு.

அங்கோர் கோயில்களுக்கு நுழைவு பாஸ் ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62. மூணு நாள் பாஸ் எடுத்தா தொடர்ந்து போகணும்னு இல்ல, பத்து நாளுக்குள்ள எப்ப வேணா யூஸ் பண்ணலாம், அதனால நடுவுல ஒரு நாள் அம்மா ரூம்ல ரெஸ்ட் எடுக்கட்டும்.

கேள்வி: அங்கோர் வாட்ட கட்டினது சோழர்கள்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: இல்லைங்க. 12ஆம் நூற்றாண்டு முற்பகுதியில கம்போடியாவ ஆண்ட கெமர் ராஜா ரெண்டாம் சூர்யவர்மன் கட்டினது. உறவு இருந்தது, அது வேற கதை. சிதம்பரத்துல முதலாம் குலோத்துங்கன் காலத்து கல்வெட்டு, 1114ஆம் வருஷம், காம்போஜ (அதாவது கம்போடியா) ராஜா அனுப்பின ஒரு கல்ல கோயில்ல பதிச்சதா சொல்லுது. ரெண்டு பேரும் சமமா பழகியிருக்காங்க, அதுவே பெருமைதான, நாமளே கட்டினோம்னு சொல்லி அவங்க உழைப்ப ஏன் புடுங்கணும்? சும்மா ஃபார்வர்ட் பண்றவங்ககிட்ட இத சொல்லுங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அங்கோர் பக்கத்துல இருக்குற சியம் ரீப் ஊருக்குள்ள இந்தியன் ஹோட்டல் இருக்கு. மத்த கடையில காய்கறின்னு சொன்னா மட்டும் போதாது, மீன் சாஸ் போடாதீங்கன்னு தனியா சொல்லணும், நிறைய அயிட்டத்துல அத ஊத்திடுவாங்க. கோயில் சுத்துற நாளுக்கு பருப்புப்பொடியும் ரெடிமேட் உப்புமா மிக்ஸும் பையில இருக்கட்டும்.