ஹெட்லைட் ரிஃப்ளெக்டருக்கு முலாம்: பம்பர் பட்டறைக்குப் போக வேண்டாம்

கேள்வி: 1930களின் கார் ஒன்றைச் சீர்செய்து வருகிறேன். ஹெட்லைட்டுக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டர் இரண்டும் கறுத்துவிட்டன. அங்கங்கே மஞ்சளாகவும் தெரிகிறது. பம்பருக்குக் குரோம் போடுபவரிடமே இதையும் கொடுத்துவிடலாமா? இல்லையென்றால் யாரைத் தேடுவது?

பதில்: கொடுக்காதீர்கள். பம்பர் வேலையில் அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் ரிஃப்ளெக்டருக்கு, அதாவது பல்புக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் அந்தக் கிண்ணத்துக்கு, குரோம் பொருந்தாது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 95 சதவீதத்தை வெள்ளி திருப்பி அனுப்பும். அலுமினியம் 90-க்குச் சற்றுக் குறைவு. குரோம் 65 பக்கம்தான். கையில் வைத்துப் பார்த்தால் குரோம் கிண்ணம் கண்ணைப் பறிக்கும். ராத்திரி ஓட்டும்போதுதான் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போனது தெரியும். ஏற்கெனவே வெளிச்சம் குறைவான 6 வோல்ட் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

கிண்ணம் எந்த உலோகம் என்பதைப் பொறுத்துத்தான் ஆளைத் தேட வேண்டும். பின்பக்கம் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல், சுரண்டினால் மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை; அதன்மேல் வெள்ளி முலாம் போட்டிருப்பார்கள். உங்களுடையது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கறுத்த இடங்களில் வெள்ளி மிச்சமிருக்கக்கூடும்: சலித்த சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் குழைத்து, பஞ்சில் தொட்டு, விளிம்போரம் ஓரிடத்தில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். பல்புத் துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் அந்தக் கீறல்களே ஒளியைச் சிதறடிக்கும். எங்கும் வெள்ளையாக வந்தால் முலாமே வேண்டாம். உங்கள் கிண்ணங்களில் மஞ்சள் வெளியே வந்துவிட்டதால் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பித்தளைக்கு வெள்ளி என்றால், ஊது இசைக்கருவிகளுக்கும் வெள்ளிப் பாத்திரங்களுக்கும் முலாம் போடுபவர்களைத் தேடுங்கள். வெள்ளி முலாம் போடும் கரைசல் தொட்டி அவர்களிடம்தான் எப்போதும் ஓட்டத்தில் இருக்கும். மெல்லிய தகட்டைச் சிதைக்காமல் பஃப் பிடிக்கவும் (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றவும்) தெரியும். போனதும் விலையைக் கேட்பதற்கு முன்னால், ஆழமான கிண்ணத்தின் உட்புறத்துக்கு எப்படி முலாம் ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள். மின்னோட்டம் விளிம்பை நோக்கித்தான் ஓடும். வெறுமனே தொட்டியில் தொங்கவிட்டால் விளிம்பில் வெள்ளி தடிக்கும், பல்பைச் சுற்றியுள்ள அடிப்பகுதியில் பெயருக்குத்தான் ஒட்டும். ஒளியை அதிகம் பிடிப்பதோ அந்த அடிப்பகுதி. கிண்ணத்துக்குள்ளேயே ஓர் ஆனோடை (மின்சாரத்தின் நேர்முனைத் துண்டை) இறக்குவோம் என்று அவராகச் சொன்னால் சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள்.

வெள்ளி குறைந்தது 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அலங்காரப் பொருளுக்குப் போடும் ஒன்றிரண்டு மைக்ரான் நாலைந்து முறை துடைத்தாலே போய்விடும். வெள்ளிக்கு அடியில் நிக்கல் அடுக்கு இருக்கட்டும். இல்லாவிட்டால் பித்தளையின் செம்பும் துத்தநாகமும் மெல்ல மேலேறி வெள்ளியை மங்கச் செய்யும். மேலே லாக்கர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பல்பின் சூட்டில் அது பழுத்து மஞ்சளாகும், பிறகு துடைக்கவும் விடாது.

பலரும் கோட்டை விடுவது பஃபிங்கில்தான். கிண்ணத்தின் வளைவு ஒரு பரவளையம். பல்பின் இழை அதன் குவியத்தில் இருந்தால்தான் கதிர்கள் நேராகப் போகும். ஒடுக்கு விழுந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தாமல் பஃபில் கொடுத்தே சமன் செய்தால், கண்ணாடி போல மின்னும், ஆனால் வளைவு கெட்டிருக்கும். அதனால் பாலிஷ் முடிந்து, வெள்ளி ஏறும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். விளக்கின் முன்கண்ணாடி இல்லாமல் கிண்ணத்தில் 12 வோல்ட் பல்பை மாட்டி, கண் கூசாதபடி 6 வோல்ட்டில் மங்கலாக எரியவிடுங்கள். 10 மீட்டர் தள்ளி நேர் எதிரே நின்று பாருங்கள். இழை குவியத்தில் இருந்தால் கிண்ணம் முழுவதும் எரிவதுபோலத் தெரியும். இருட்டாகத் தெரியும் திட்டுகள் வளைவு கெட்ட இடங்கள். அவற்றைச் சரிசெய்ய அதுதான் கடைசி வாய்ப்பு.

கொடுக்கும் முன் பல்பு ஹோல்டர், எஃகுக் கிளிப், ஃபைபர் வாஷர், வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மடிப்புக்குள்ளும் ரிவெட்டுக்குக் கீழும் தங்கும் தொட்டித் திரவம் சில வாரம் கழித்துக் கசிந்து, புது வெள்ளியில் புள்ளி புள்ளியாகக் கறை போடும். இரண்டு கிண்ணங்களையும் ஒரே தடவையில் கொடுங்கள். பின்புற விளிம்பில் இடம், வலம் என்று குறி போடுங்கள்.

காந்தம் ஒட்டினால் அது எஃகு. துரு தின்ற குழிகளை வெள்ளி மறைக்காது. அதற்கு வெற்றிடத்தில் அலுமினியம் படிய வைப்பதே வழி. விளக்கு தயாரிப்பவர்களுக்கும் தொலைநோக்கி ஆடிகளுக்கும் இதைச் செய்து தருபவர்கள் உண்டு. படலம் 0.1 மைக்ரான் அளவுதான், கீழே உள்ள ஒவ்வொரு கீறலும் அப்படியே தெரியும். எனவே முதலில் அடிப்பூச்சு அடித்துச் சுட வேண்டும். ஹாலஜன் பல்பு போடுவீர்கள் என்றால் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் படலத்தைத் துணியால் தொடவே கூடாது. இன்னொன்று: பல விளக்குகளில் பல்புக்கு எர்த்தே கிண்ணம் வழியாகத்தான். அடிப்பூச்சு அதைத் துண்டித்துவிடும், பல்பு மினுக்கென்று எரியும். தனி எர்த்து வயர் இழுத்துவிடுங்கள்.

அமெரிக்க வண்டிகளில் 1940 முதல் வந்த, கண்ணாடியோடு சேர்த்து மூடிய சீல்டு பீம் விளக்குக்கு இதெல்லாம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

வேலை முடிந்து வரும் கிண்ணத்தை உள்ளே விரலால் தொடாதீர்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டித் தர வேண்டாம் என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லுங்கள்: ரப்பரிலுள்ள கந்தகம் காகிதத்தைத் தாண்டியும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். அதே காரணத்தால் பழைய ரப்பர் கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, முன்கண்ணாடிக்கும் விளிம்புக்கும் இடையே கார்க் கேஸ்கெட் வையுங்கள். சிலிகான் பசைதான் கிடைக்கிறது என்றால், காடி நெடி அடிக்காத வகையாகப் பார்த்து வாங்கி, முழுதாகக் காய்ந்த பிறகே விளக்கை மூடுங்கள்.