மேற்கு ஜன்னலுக்கு எந்தத் துணி?

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். படுக்கையறை ஜன்னல் மேற்கு பார்த்தது, சாயங்காலம் அறை அனலாகக் கொதிக்கிறது. ஹால் ஜன்னல் வடக்கில், நேர் எதிரே அடுத்த பிளாக். எல்லாவற்றுக்கும் பிளாக்அவுட் ரோலர் பிளைண்ட் (வெளிச்சம் புகாத துணியில், உருளையில் சுருளும் திரை) போட்டால் வெயிலே தெரியாது என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரியா? வீட்டில் நான்கு வயதுப் பையன் இருக்கிறான்.

பதில்: பாதி சரி. படுக்கையறைக்குப் போடுங்கள், ஹாலுக்கு வேண்டாம். படுக்கையறையிலும் பிளாக்அவுட் நிச்சயமாகத் தடுப்பது வெளிச்சத்தைத்தான். சூடு வேறு கணக்கு.

வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் பிளைண்டில் படுகிறது. துணி அடர்நிறமாக இருந்தால் அந்தச் சூட்டை உறிஞ்சி, தானும் சூடாகி, அறைக்குள்ளேயே விடும். அதனால் அறையைப் பார்க்கும் பக்கம் உங்களுக்குப் பிடித்த எந்த நிறமாகவும் இருக்கட்டும், கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். பட்ட வெயிலில் கணிசமான பங்கை அது கண்ணாடி வழியாகவே வெளியே திருப்பிவிடும். கேட்லாக்கைப் புரட்டும்போது முன்பக்க டிசைனை மட்டும் பார்க்காமல் சாம்பிள் துணியைத் திருப்பிப் பாருங்கள். கசக்கி விரித்து, பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடியுங்கள். மடிப்பில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால், வெளிச்சத்தை மறைக்கத் துணியில் பூசியிருக்கும் பூச்சு மட்டமானது, கொஞ்ச நாளில் உதிரும்.

மாலை வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேட் அதை மறைக்காது. அந்தப் பக்கம் பால்கனி இருந்து, அசோசியேஷனும் ஒத்துக்கொண்டால் வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். சூடு கண்ணாடிக்கு வருமுன்பே நின்றுவிடும். உள்ளே எவ்வளவு விலையுயர்ந்த துணி போட்டாலும் அந்த அளவுக்குப் பலன் கிடைக்காது.

பிளாக்அவுட் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, ஓரத்தில் வெளிச்சம் வருகிறது என்பது. ரோலர் பிளைண்டில் இரண்டு பக்கமும் பிராக்கெட் உட்கார இடம் வேண்டும், ஆகவே துணி மொத்த அகலத்தைவிட ஏறக்குறைய 3 செ.மீ. குறைவாகவே இருக்கும். ஜன்னல் சட்டத்துக்குள் மாட்டினால் அந்தச் சந்து அப்படியே தெரியும். சுவரில், சட்டத்துக்கு வெளியே மாட்டச் சொல்லுங்கள். பக்கத்துக்கு 3, 4 அங்குலம் கூடுதலாகத் துணி இருக்கட்டும். உள்பக்கம் கிரில் இருந்தாலும் அதில் துணி உரசாது. சட்டத்துக்குள்தான் மாட்ட வேண்டும் என்றால் மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அகலத்தை அளந்து, குறைந்த அளவைக் கொடுங்கள். நம் ஊர்ப் பூச்சுவேலையில் மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

ஹாலுக்கு வருவோம். வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிவேளையில்கூட சூரியன் லேசாக வடக்கே சாய்ந்துதான் இருக்கும். காலையிலும் மாலையிலும் சாய்வெயில் உள்ளே வரும். இருந்தாலும் மேற்கு வெயிலின் உக்கிரம் அதில் இல்லை. பகலில் லைட் போட்டு உட்காரும்படி ஹாலை இருட்டாக்க வேண்டியதில்லை.

இந்த மாதிரி இடத்துக்கு வழக்கமாகச் சொல்வது சன்ஸ்கிரீன் துணி. 3 சதவீதம், 5 சதவீதம் என்பது நெசவில் விட்டிருக்கும் துளையின் அளவு. எண் குறையக் குறைய மறைவு கூடும். பகலில் உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி லைட் போட்டதும் எல்லாம் தலைகீழாகி, எதிர் பிளாக்கில் இருப்பவர்களுக்கு உங்கள் ஹால் தெரியும். அதனால் உங்களுக்கு என் சிபாரிசு ஜீப்ரா பிளைண்ட். மெல்லிய பட்டையும் அடர்த்தியான பட்டையும் மாறிமாறி வரும் இரட்டைத் துணி அது. பகலில் பட்டைகளை நகர்த்தி வெளிச்சம் வாங்கலாம், ராத்திரி மூடிக்கொள்ளலாம். படுக்கையறைக்கு மட்டும் அது வேண்டாம், பட்டைகள் சேரும் இடத்தில் வெளிச்சம் கசியும்.

மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் ரோமன் பிளைண்ட் பார்க்க அழகுதான். காட்டன், லினன் துணியானால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், மடிப்பில் தூசி சேரும். ஆசைப்பட்டால் வெல்க்ரோவில் கழற்றித் துவைக்கும்படி தைத்துத் தரச் சொல்லுங்கள். அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் எந்தத் துணியும் வேண்டாம்.

கடைக்காரர் பேசாமல் விட்டிருக்கக்கூடியது, பையன் விஷயம். பிளைண்டை ஏற்றி இறக்கும் சங்கிலி வளையமாகத் தொங்கும். சின்னக் குழந்தையின் கழுத்தில் அது மாட்டினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல், கடையில் ரெடிமேடாக விற்கும் பிளைண்டில் கயிறே இருக்கக்கூடாது, இருந்தாலும் கைக்கு எட்டக்கூடாது என்று தரவிதியே வந்துவிட்டது. உங்கள் வீட்டில் ஸ்பிரிங் அல்லது மோட்டார் வைத்ததாகப் போட்டால் நிம்மதி. சங்கிலிதான் என்றால், அதை இழுத்துப் பிடித்துச் சுவரோடு நிறுத்தும் கிளிப்பை ஸ்குரூ போட்டு முடுக்கிவிட்டுத்தான் ஃபிட்டர் கிளம்ப வேண்டும். கட்டில், நாற்காலி எதையும் அந்த ஜன்னலுக்கு அடியில் போடாதீர்கள்.