மேலிருந்து பார்த்தது ஏன் கீழே?

அன்புள்ள அண்ணா,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். ஐடி வேலை. எங்கள் ஏரியா மாநகராட்சிப் பள்ளியில் படித்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்த நாலு பேருக்கு நண்பர்கள் சேர்ந்து லேப்டாப் வாங்கித் தந்தோம். ஒருவனுக்கு முதல் செமஸ்டரிலேயே மூன்று அரியர். இனிமேல் போகமாட்டேன் என்கிறான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைக்கலாமா? இப்படி வருபவர்களால் தரம் குறைகிறது என்கிறார்கள் ஆபீஸில். அதுவும் உறுத்துகிறது.

கே.

அன்புள்ள தம்பி,

லேப்டாப் கொடுத்துவிட்டீர்கள், நல்லது. ஸ்போக்கன் இங்கிலீஷ் அப்புறம் பார்க்கலாம். தரம் என்ற வார்த்தையைப் படித்ததும்தான் சுருக்கென்றது. நாலு பேரும் எழுதியது எல்லோரும் எழுதிய அதே பிளஸ் டூ கேள்வித்தாள். உங்கள் ஆபீஸ் நண்பர் டியூஷன் வைத்துப் படித்ததை இவர்கள் மீன்பாடி வண்டிச் சத்தத்துக்கு நடுவே படித்தார்கள். கேண்டீன் பேச்சை எல்லாம் எனக்கு அனுப்பாதீர்கள்.

பணக் கவலைகூட முன்பு மாதிரி இல்லை. 2021இல் வந்த அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தை 2022இல் தொடங்கியதே நம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான். வாசல் வரை கொண்டுவிட ஆள் இருக்கிறது. உள்ளே போனபிறகுதான் யாரும் இல்லை.

நான் தண்டையார்பேட்டைப் பையன். தமிழ் மீடியம். படம் வரைய உதவும் டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் போன பெருமை இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் பத்து நிமிஷம் தாங்கவில்லை. தாளில் குறுக்கே ஒரு கோடு. ஒரு பொருளை எதிரே நின்று பார்த்ததைக் கோட்டுக்கு மேலே வரையச் சொன்னார்கள். மேலிருந்து பார்த்ததைக் கோட்டுக்குக் கீழே. மேலிருந்து பார்த்தது ஏன் கீழே போகிறது? நான் கேட்கவில்லை. வருஷக்கணக்காக வாயில் விரல் வைத்து உட்கார்ந்தவனுக்குக் கேள்வி என்பது வாத்தியார் கேட்பது. புரியாததை என் மண்டையின் கோளாறு என்று நினைத்து மறைத்தேன். மறைத்தேன் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்பதே எனக்குத் தெரியாது. அரியர்.

ஒருநாள் கொருக்குப்பேட்டைக்கு முன்னால் வண்டி சிக்னலில் நின்றது. எங்கள் தெரு சீனியர் அண்ணன் என் நோட்டை வாங்கிக் குறுக்கே திருப்பி, ஒரு பக்கத்தைச் சுவர் மாதிரி நிறுத்தினார். கீழ்ப்பக்கம் தரை. நடுவில் தீப்பெட்டி.

“எதிர்ல நின்னு பார்த்தா சுவத்துல விழும். மேலருந்து பார்த்தா தரையில விழும். இப்ப தரைய மடக்கு.”

தீப்பெட்டியை எடுத்துவிட்டு நோட்டை விரித்தார். தரைப் பக்கம் சுவருக்குக் கீழே தொங்கியது. அவ்வளவுதான் விஷயம். அவருக்கும் அதே தாளில் அரியர் என்பது பரீட்சை ஹாலில் அவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மூன்று அரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தெந்தத் தாள் என்று எழுதவில்லை. நீங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, அப்படித்தானே? இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். டிராயிங் என்றால் நானே வருகிறேன்.